மூன்று கால் நாற்காலி



நம் மொழியில் இருக்கைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் கால்களை எண்ணிப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். நான்கு கால் உடையது நாற்காலி. மூன்று கால் உடையது முக்காலி. சாய்ந்துகொள்ளச் சாய்மானமும், அமர மெத்தையும் வைத்து, கால்களை மட்டும் மூன்றாகக் குறைத்து ஒருவர் ஓர் இருக்கை செய்தால் அதை எப்பெயரிட்டு அழைப்பது? அப்படி ஓர் இருக்கை அமெரிக்க நாட்டில், ஒரு பெரிய வாணிக நிறுவனத்தின் அலுவலகத்துக்கென்றே தனியாக வரைந்து செய்யப்பட்டது. உலகப் புகழ் பெற்ற ஒரு கட்டடக் கலைஞர் அதை வரைந்தார். எஃகு வேலையில் தேர்ந்த ஒரு தொழிற்சாலை அதைச் செய்து கொடுத்தது. பிறகு அதற்கு நான்காவது கால் வைக்க வேண்டியதாயிற்று. அந்த வரலாற்றையும், அதனுள் அடங்கிய கணக்கையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில், ரசீன் என்ற ஊர் இருக்கிறது. தரைக்கும் மரச்சாமான்களுக்கும் பூசும் மெழுகைச் செய்து விற்ற ஜான்சன் கம்பெனியின் ஊர் அது. தொழிலாளருக்கு இலாபத்தில் பங்கு கொடுக்கும் வழக்கத்தை 1917-ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்திய நிறுவனம் அது என்பதையும் நினைவில் வையுங்கள். வேலை செய்பவர்களின் வசதியைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் அல்லர் அவர்கள். 1936-ஆம் ஆண்டில், அந்நிறுவனத்தின் தலைவரான ஹெர்பர்ட் ஜான்சன், தம் நிர்வாக அலுவலகத்தைக் கட்டித் தரும் பொறுப்பைப் பிராங்க் லாயிட் ரைட் என்பவரிடம் ஒப்படைத்தார். ரைட்டுக்கு அப்போது வயது அறுபத்தொன்பது. ஓய்வு பெற்றவனாகிய எனக்கு அந்த வயதைச் சொல்லும்போது ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

ரைட்டின் வழக்கம் விசித்திரமானது. சுவரையும் கூரையையும் மட்டும் வரைந்து கொடுத்துவிட்டு அவர் விலகிக்கொள்ள மாட்டார். உள்ளே போடும் மேஜை, நாற்காலி, விளக்கு, குப்பைக்கூடை வரை எல்லாம் தம் கைவண்ணமாகவே இருக்க வேண்டும் என்பார். ஜான்சன் அலுவலகத்தின் நடுவே ஒரு மாபெரும் பணிக்கூடம். அதில் காடுபோல் நிற்கும் மெல்லிய கான்கிரீட் தூண்கள். அடியில் 9 அங்குலமே விட்டமுள்ள தூண், மேலே போகப் போக விரிந்து, உச்சியில் ஏறத்தாழ 18 அடி அகலமுள்ள வட்டத் தாமரை இலைபோல் படர்கிறது. வெளிச்சம் சாளரம் வழியாக வருவதில்லை. கண்ணாடிக் குழாய்களை அடுக்கி அமைத்த பட்டைகளின் வழியே வருகிறது. எங்கு பார்த்தாலும் வட்டமும் வளைவும். இத்தகைய கூடத்தில் கடையில் வாங்கிய சதுர மேஜையைப் போட்டால், திருமண வீட்டில் அழுக்குத் துணியோடு வந்து நின்றவனைப் போல் இருக்கும் என்று ரைட் எண்ணினார்போலும். நாற்பதுக்கும் மேற்பட்ட வகைச் சாமான்களை அவர் வரைந்தார்.

வரைந்தாயிற்று, செய்வது யார்? ஏரிக்கு அப்பால், மிச்சிகன் மாநிலத்தில், கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற நகரம். மரச்சாமான் தொழிலுக்குப் பெயர் போன ஊர். அவ்வூரில் 1912-ஆம் ஆண்டில் மரத்தை விட்டு எஃகைக் கையில் எடுத்தது 'மெட்டல் ஆபீஸ் பர்னிச்சர் கம்பெனி'. அக்காலத்து அலுவலகங்களில் தீ விபத்துக்கு அஞ்சாதவர் இல்லை. மர மேஜை, அதன்மேல் காகிதம், பக்கத்தில் பிரம்புக் கூடை, புகைபிடிப்பவர் எறியும் சுருட்டுத் துண்டு. இதற்குமேல் தீக்கு என்ன வேண்டும்? ஆகவே அந்நிறுவனம் 1914-இல் தீப்பிடிக்காத எஃகுக் குப்பைக்கூடையைச் செய்தது. அடுத்த ஆண்டே, பாஸ்டன் நகரத்துச் சுங்க மாளிகைக் கோபுரத்துக்கு 200 எஃகு மேஜைகள் செய்து தரும் வேலையைப் பெற்றது. அந்த நிறுவனம்தான் ரைட்டின் படங்களைப் பொருள்களாக்க முன்வந்தது. பின்னாளில், 1954-இல், அது தன் பெயரை 'ஸ்டீல்கேஸ்' என்று மாற்றிக்கொண்டது.

எஃகு என்றால் வலிமை. வலிமையானதைக் கொண்டு எதையும் செய்துவிடலாம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படியன்று. ரைட்டின் மேஜைக்கும் நாற்காலிக்கும் சட்டம், உள்ளே பொள்ளலான எஃகுக் குழாய். ஏன் குழாய்? ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 3 பங்கு விட்டமுள்ள கெட்டிக் கம்பி ஒன்று. வெளிவிட்டம் 5 பங்கும் உள்விட்டம் 4 பங்கும் கொண்ட குழாய் ஒன்று. இரண்டிலும் உள்ள எஃகின் அளவு ஒன்றேதான். ஐந்தின் வர்க்கத்திலிருந்து நான்கின் வர்க்கத்தைக் கழித்தால் மூன்றின் வர்க்கம் வருவதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் வளையாமல் எதிர்த்து நிற்கும் திறனில் குழாய் கம்பியைவிட ஏறத்தாழ நாலரை மடங்கு மேம்பட்டது. உலோகம் நடுவில் சோம்பிக் கிடக்காமல், சுமை தாங்கும் வெளிப்புறத்துக்குப் போய்விட்டதே அதற்குக் காரணம். மூங்கிலும் நெல்லின் தாளும் இதே முறையில்தான் நிற்கின்றன.

அந்தக் குழாயை வளைப்பது வேறு கதை. வளைவின் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் ஒடுங்குகிறது, இடையில் வட்டமான குழாய் தட்டையாக நசுங்கிவிடப் பார்க்கிறது. நசுங்கிய இடத்தில் நாம் பெற்ற நாலரை மடங்கு வலிமையும் போய்விடும். பட்டறைகளில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. குழாயில் உலர்ந்த மணலை இறுக நிரப்பி, இருமுனையையும் அடைத்துவிட்டு வளைப்பார்கள். மணல் உள்ளிருந்து தாங்கிக்கொள்ளும். பெரிய தொழிற்சாலைகளில் மணலுக்குப் பதிலாக, குழாயின் உட்புறத்துக்குச் சரியாகப் பொருந்தும் உருளை அச்சை உள்ளே செலுத்தி வளைப்பார்கள். அதன்பின் பற்றவைப்பு. பற்றவைத்த இடம் சூடேறி விரிந்து, ஆறும்போது சுருங்கி, சட்டத்தையே ஒரு பக்கம் இழுத்துவிடும். சதுரச் சட்டத்தில் சிறு கோணல் கண்ணுக்குத் தெரியாது. ரைட் வரைந்ததுபோன்ற ஒரே சீரான வளைவில், தடவிப் பார்க்கும் குருடனுக்கும் அது தெரிந்துவிடும்.

மேஜையின் இழுப்பறைகளிலும் ரைட் புதுமை செய்தார். 'இழுப்பறை' என்ற சொல்லே அங்கே பொருந்தாது. ஏனெனில் அவை இழுக்கப்படுவன அல்ல. ஒரு முனையில் முளை வைத்து, கதவு திறப்பதுபோல் வெளியே சுழன்று வருவன. பார்ப்பதற்கு மிக அழகு. எழுத்தர் எழுந்து பின்வாங்காமல் திறக்கலாம். செய்பவருக்கோ தலைவலி. சாதாரண இழுப்பறை இருபக்கமும் தண்டவாளத்தின்மேல் ஓடுகிறது. எடை இரண்டு பக்கமும் பங்காகிறது. சுழலும் அறையின் முழு எடையையும் ஒரு முளையே தாங்க வேண்டும். காகிதம் நிறைந்த அறை 8 கிலோ என்றும், அதன் எடைமையம் முளையிலிருந்து 20 செண்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும், முளையைப் பிடித்திருக்கும் மேல் பிடிப்புக்கும் கீழ்ப் பிடிப்புக்கும் இடையே 10 செண்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் விதிப்படி ஒவ்வொரு பிடிப்பும் பக்கவாட்டில் 16 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். அதாவது அறையின் எடையைப்போல் இருமடங்கு. மெல்லிய தகட்டில் பிடிப்பை வைத்தால் தகடு நாளடைவில் பிதுங்கி, அறை தலை தொங்கிவிடும். குழாய்ச் சட்டத்தில் வைத்தால்தான் நிற்கும். இந்த எண்கள் உங்களுக்கு விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்டவை; விதி மாறாது. வீட்டுக் கதவின் கீல்களை ஏன் இவ்வளவு இடைவெளி விட்டு அடிக்கிறார்கள் என்பதற்கும் இதுவே விடை.

எஃகுத் தகட்டுக்கு இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. தொட்டால் சில்லென்று இருக்கும். தட்டினால் முரசுபோல் அதிரும். நாள் முழுவதும் முழங்கை வைத்து எழுதுபவருக்கும், பக்கத்து மேஜையில் தட்டச்சு ஓடுவதைக் கேட்டுக்கொண்டு இருப்பவருக்கும் இவை சிறு விஷயங்கள் அல்ல. ரைட்டின் மேஜைகளில் மேற்பலகை மரமாகவே இருந்தது. சட்டம் எஃகு, கை படும் இடம் வாதுமை இனத்து மரம். இந்தச் சேர்க்கையை நான் மிகவும் மெச்சுகிறேன். குப்பைக்கூடையைத் தரையில் வைக்காமல் மேஜையோடு சேர்த்துத் தொங்கவிட்டதையும் சொல்ல வேண்டும்; துடைப்பவர் குனிந்து எடுத்து நகர்த்த வேண்டியதில்லை. நாற்காலியின் மெத்தைகளுக்கு இருபுறமும் துணி. ஒருபுறம் தேய்ந்தால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். முதுகுச் சாய்மானம் உட்காருபவர் அசைவுக்கு ஏற்ப முளையில் ஆடிக் கொடுக்கும். இவையெல்லாம் உட்காருபவரை நினைத்துச் செய்தவை.

இவ்வளவு நினைத்தவர் கால் விஷயத்தில் மட்டும் ஏன் மூன்றோடு நிறுத்தினார்?

மூன்று காலுக்கு ஒரு பெருமை உண்டு. நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தடித்த அட்டை ஒன்றை எடுத்து, நீளம் சற்று மாறுபட்ட பென்சில் துண்டுகளை அதற்குக் கால்களாக ஒட்டுங்கள். மூன்று வைத்தால், மேடு பள்ளமான தரையிலும் அட்டை ஆடாமல் நிற்கும். சற்றுச் சாய்வாக நிற்கலாம், ஆனால் ஆடாது. நான்காவது காலை வைத்தவுடன் ஆடத் தொடங்கும். மூன்று புள்ளிகள் எங்கிருந்தாலும் அவற்றின் வழியாக ஒரு தளம் செல்லும் என்பது வடிவ கணிதம். நான்காவது புள்ளி அத்தளத்தில் அமையும் என்பதற்கு உறுதி கிடையாது. படம் பிடிப்பவரின் கருவித் தாங்கிக்கும், நில அளவைக்காரரின் தாங்கிக்கும் மூன்று கால் வைப்பது இதனால்தான். பள்ளிக்கூடத்து பெஞ்சின் காலடியில் மடித்த காகிதத்தைச் செருகும் வேலை உங்கள் எல்லோருக்கும் பழக்கமானதே.

ஆனால் ஆடாமல் நிற்பது வேறு, கவிழாமல் நிற்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுபவர்கள் பலர். ஒரு பொருளின் எடைமையத்திலிருந்து நேர்கீழே விழும் கோடு, அதன் கால்களை இணைத்து வரையும் வடிவத்துக்குள் இருக்கும்வரை அது கவிழாது. எல்லையைத் தாண்டினால் கவிழும். 25 செண்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் மேல் கால்களைச் சம இடைவெளியில் வைப்போம். நான்கு கால் என்றால் சதுரம். மையத்திலிருந்து சதுரத்தின் பக்கத்துக்கு ஏறத்தாழ 17.7 செண்டிமீட்டர். மூன்று கால் என்றால் முக்கோணம். மையத்திலிருந்து பக்கத்துக்கு 12.5 செண்டிமீட்டர்தான்.

இனி ஒருவரை உட்கார வைப்போம். அவர் எடை 60 கிலோ. நாற்காலி 10 கிலோ. இடுப்புக்கு மேற்பட்ட உடல் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 40 கிலோ. அவர் ஒரு பக்கமாகக் குனிந்து கீழே விழுந்த பென்சிலை எடுக்கிறார். மேலுடலின் எடைமையம் 25 செண்டிமீட்டர் நகர்கிறது. ஆளும் நாற்காலியும் சேர்ந்த மொத்த எடைமையம் எவ்வளவு நகரும்? நாற்பதை இருபத்தைந்தால் பெருக்கி எழுபதால் வகுங்கள், 14.3 செண்டிமீட்டர். சதுரத்தில் அது எல்லைக்குள் அடங்குகிறது. முக்கோணத்தில், காலில்லாத பக்கமாகக் குனிந்திருந்தால், எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஒரே ஆள், ஒரே பென்சில். ஒரு நாற்காலியில் எழுத்து வேலை தொடர்கிறது, மற்றொன்றில் ஆள் தரையில் கிடக்கிறார்.

ரைட்டின் தரப்பிலும் நியாயம் உண்டு. இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து நிமிர்ந்து உட்கார்ந்தால், பாதங்களும் கால்களாகிவிடுகின்றன. மூன்றோடு இரண்டு சேர்ந்து ஐந்து. தாங்கும் வடிவம் விரிகிறது. கவிழும் அச்சம் இல்லை. நல்ல முறையில் உட்காரும் பழக்கத்தை இந்த நாற்காலியே கற்பிக்கும் என்பது அவருடைய வாதம். கணக்கின்படி இதில் குற்றம் காண முடியாது. ஆனால் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறைகளில் 'நிமிர்ந்து உட்கார்' என்று சொல்லி வந்தவன். அந்தக் கட்டளையின் ஆயுள் எத்தனை நிமிடம் என்பது எனக்குத் தெரியும். மனிதன் கால்மேல் கால் போடுவான், ஒருக்களிப்பான், பின்னால் இருப்பவரோடு பேசத் திரும்புவான். எட்டு மணி நேரம் தட்டச்சு செய்யும் ஒரு பெண் இதில் எதையும் செய்யாமல் இருந்தால், அவளது முதுகு அதற்குரிய விலையைக் கொடுக்கும். உடம்பு இடையிடையே இருப்பை மாற்றிக்கொள்வதைத் தீய பழக்கம் என்று கருதி அதற்குத் தண்டனையாகக் கீழே தள்ளும் நாற்காலியை நல்லாசிரியன் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடந்தரவில்லை.

இது முதல் தடவையும் அன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1904 முதல் 1906 வரை, பபலோ நகரில் லார்க்கின் சோப்புக் கம்பெனிக்கு ரைட் கட்டிய அலுவலகத்திலும் எஃகுச் சாமான்களே. அங்கே சில நாற்காலிகள் மேஜைக் காலோடு இணைந்து தரையில் படாமல் தொங்கின. தரையைப் பெருக்குவது எளிதாயிற்று. உட்கார்ந்தவர் நினைத்த இடத்துக்கு நாற்காலியை நகர்த்திக்கொள்ள முடியவில்லை. அங்கேயும் ஒரு மூன்று கால் நாற்காலி உண்டு. வேலை செய்தவர்கள் அதற்குத் 'தற்கொலை நாற்காலி' என்று பட்டப்பெயர் சூட்டியதாக எழுதியிருக்கிறார்கள். தாம் வரைந்த நாற்காலிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து தம் உடம்பெல்லாம் கன்றிப்போயிற்று என்று ரைட்டே நகைச்சுவையாக எழுதியதும் உண்டு. அப்படியும் 1939-இல் திறக்கப்பட்ட ஜான்சன் அலுவலகத்தில் மூன்றாவது காலோடு நிறுத்தினார் என்றால், அந்தக் கலைஞரின் பிடிவாதத்தை நாம் வியப்பதா, கடிந்துகொள்வதா?

ஒன்றை நான் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. அந்த மெல்லிய தூண்களை மாநில அதிகாரிகள் நம்பவில்லை. மாதிரித் தூண் ஒன்றை நட்டுச் சுமை ஏற்றிக் காட்டினால்தான் அனுமதி என்றார்கள். 1937-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது நடந்தது. தாங்க வேண்டியது 12 டன். மணலையும் இரும்புக் கட்டிகளையும் 60 டன் வரை ஏற்றிய பிறகும் தூண் நின்றது. தூணுக்குச் சட்டம் சோதனை கேட்டது. நாற்காலிக்கு எந்தச் சட்டமும் அப்போது கேட்கவில்லை. தலைக்கு மேலே இருப்பதைக் கண்டு அஞ்சுகிறோம். நமக்குக் கீழே இருப்பதை யாரும் எடைபோடுவதில்லை. அலுவலகச் சாமான் செய்பவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் எவ்வளவு சுமையில் நாற்காலி கவிழலாகாது என்றெல்லாம் அளவு வகுக்கத் தொடங்கியது பின்னாளில்தான். அமெரிக்காவில் அச்சங்கம் 1973-இல் பிறந்தது.

நாற்காலி எப்படி மாறியது என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. கவிழ்கிறது என்ற முறையீடுகளைக் கேட்ட ஜான்சன், ரைட்டை அழைத்து அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தாராம். பேச்சின் நடுவே ரைட் குனிந்தார். நாற்காலி அவரையும் மற்றவர்களைப்போலவே நடத்தியது. கதை எத்தனை பங்கு உண்மையோ, சொல்பவருக்குச் சொல்பவர் சற்று மாற்றித்தான் சொல்கிறார்கள். நான்கு கால் நாற்காலி வந்தது என்பது மட்டும் உறுதி. ஜான்சனின் பொறுமையை இங்கே பாராட்ட வேண்டும். பணம் கொடுத்தவர் அவர். 'இந்த வளைவும் வேண்டாம், வட்டமும் வேண்டாம், கடை நாற்காலியே போதும்' என்று அவர் சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லாமல், வடிவம் கெடாமல் காலை மட்டும் கூட்டிக்கொள்ளச் செய்தார்.

வேலையை மேற்கொண்ட தொழிற்சாலையின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர் ஒருவர், வரைந்தவர் மற்றொருவர், உட்காரப்போகும் எழுத்தர் மூன்றாமவர். தொழிற்சாலைக்குப் படம் வருவது வரைந்தவரிடமிருந்து. பணம் வருவது வாடிக்கையாளரிடமிருந்து. முறையீடு வருவது மூன்றாமவரிடமிருந்து. அந்த மூன்றாமவரை முன்கூட்டியே ஒரு நாள் முழுவதும் மாதிரி நாற்காலியில் உட்கார வைத்து, அவர் எப்படித் திரும்புகிறார், எங்கே குனிகிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு ஆகும் செலவு அற்பம். இக்காலத்தில் பெரிய அலுவலகங்களுக்குச் சாமான் செய்து கொடுப்பவர்கள், நூற்றுக்கணக்கில் செய்வதற்கு முன் ஒன்றிரண்டு மாதிரிகள் செய்து பார்ப்பதன் காரணம் இதுவே. உங்களில் பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கு இந்த வேலை வாய்க்கலாம்.

நீங்கள் வங்கியிலோ அலுவலகத்திலோ காணும் சுழல் நாற்காலியின் அடிப்பாகத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து கால் இருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் உருளை. அதே 25 செண்டிமீட்டர் வட்டத்தில் ஐங்கோணம் வரைந்தால் மையத்திலிருந்து பக்கத்துக்கு 20 செண்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஆறு கால் வைத்தால் 21.7, ஒன்றரைக்கும் குறைவான செண்டிமீட்டர் இலாபத்துக்கு ஒரு காலும் ஓர் உருளையும் அதிகச் செலவு. ஐந்து கால் என்றால் ஆடாதா என்று கேட்பீர்கள். சமதளத் தரையும், சற்றே வளைந்து கொடுக்கும் கால்களும் சேர்ந்து அந்த ஆட்டத்தை விழுங்கிவிடுகின்றன. மேடு பள்ளமான தரையில் அதே நாற்காலியை வைத்தால் ஓர் உருளை அந்தரத்தில் நிற்பதைக் காணலாம்.

லார்க்கின் மாளிகை 1950-இல் இடிக்கப்பட்டது. ஜான்சன் அலுவலகத்து மேஜை நாற்காலிகளில் சில அருங்காட்சியகங்களுக்குச் சென்று சேர்ந்துவிட்டன. அங்கே அவை கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் வைக்கப்பட்டிருக்கின்றன. உட்கார அனுமதி இல்லை.